வெட்டாத மரத்தை நிறுப்பது எப்படி?

மரம் வாங்கச் செல்பவர் முதலில் பலகையைக் கையில் தூக்கிப் பார்க்கின்றார். பின்னர் விரல் முட்டியால் தட்டி ஓசையைக் கேட்கின்றார். நகத்தால் கீறிப் பார்ப்பாரும் உண்டு. கையில் கனத்து, காதில் கணீரென்று ஒலித்தால் வைரம் பாய்ந்த மரம் என்று மனநிறைவு கொள்கின்றார். இலேசாக இருந்தால் விலையைக் குறைத்துக் கேட்கின்றார். தச்சரும் வணிகரும் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் இச்சோதனை வெறும் சடங்கு அன்று. அவர்கள் கையாலும் காதாலும் அறிய முயல்வது அடர்த்தி என்னும் ஒரே ஓர் எண்ணைத்தான். உத்தரம் தாங்கும் பாரம், திருகாணியை மரம் பிடிக்கும் பிடி, விறகு தரும் வெப்பம், காகித ஆலைக்குக் கிடைக்கும் கூழ் ஆகிய யாவும் பெரும்பாலும் அந்த எண்ணைப் பின்பற்றியே கூடுகின்றன, குறைகின்றன.

அந்த எண்ணை மரத்தை வெட்டாமலும் துண்டு போடாமலும் ஒளியைக் கொண்டே சில நொடிகளில் கணித்துவிடலாம் என்று அண்மைக் காலத்து ஆராய்ச்சியாளர் காட்டியுள்ளனர். அஃது எவ்வாறு இயலும், எந்த அளவுக்கு அதனை நம்பலாம் என்பவை ரப்பர் மரத்தோடு வாழ்ந்த நம் மக்கள் அறியத் தக்கவை.

அடர்த்தி என்பது குறிப்பிட்ட ஒரு கொள்ளளவில் அடங்கிய பொருளின் நிறை. 20 செ.மீ. நீளமும் 5 செ.மீ. அகலமும் 4 செ.மீ. கனமும் உள்ள ஒரு ரப்பர் மரத்துண்டின் கொள்ளளவு 400 கன செ.மீ. ஆகும். தராசில் அது 240 கிராம் நின்றால், கன செ.மீட்டருக்கு 0.6 கிராம், அதாவது கன மீட்டருக்கு 600 கிலோகிராம். தண்ணீருக்கு இவ்வெண் 1,000. காற்றில் உலர்ந்த நிலையில் ரப்பர் மரம் 560 முதல் 640 வரை நிற்கும். ஜெலுத்தோங் மரம் 420 முதல் 500 வரை. கெம்பாஸ் 770-இல் தொடங்கி 1,120 வரை ஏறும். படகுக்கும் வீட்டுத் தூணுக்கும் பேர் போன செங்கால் மரம் 915 முதல் 980 வரை. ஏறத்தாழத் தண்ணீரின் கனம்.

இவ்வளவு வேறுபாடும் எதனால்? மரத்தின் பொருளிலேயே வேறுபாடு என்று நினைப்பது இயல்பு. ஆயின் உண்மை வேறு. எந்த மரமாயினும் அதன் உயிரணுச் சுவர் ஏறத்தாழ ஒரே அடர்த்தி உடையது. கன மீட்டருக்குச் சுமார் 1,500 கிலோகிராம். வெற்றிடமே இல்லாமல் சுவராகவே ஒரு மரம் இருக்குமாயின் அது கல்லைப் போல நீரில் மூழ்கும். வேறுபடுவது சுவருக்கு நடுவே உள்ள வெற்றிடம். செங்காலில் சுவர் தடித்து வெற்றிடம் குறுகியுள்ளது; ஜெலுத்தோங்கில் சுவர் மெலிந்து வெற்றிடம் பெருகியுள்ளது. ஆகவே மரத்தின் அடர்த்தியை அளப்பது என்பது, ஒரு வகையில், அதனுள் எவ்வளவு காற்றுக்கு இடம் உள்ளது என்று அளப்பதே.

ஒரே மரத்திலும் இவ்வெண் ஓரிடத்தில் இருப்பது போல் மற்றோரிடத்தில் இராது. உள்ளே வயிரம் உடையவற்றை மரம் என்றும், வெளியே வயிரம் உடையவற்றைப் புல் என்றும் தொல்காப்பியத்து மரபியல் பிரித்துக் கூறும். பனையும் தென்னையும் மூங்கிலும் அக்கணக்கில் புல்லினம். தாவர நூலார் இன்று இருவித்திலை, ஒருவித்திலை என்று பிரிப்பதும் இக்கோட்டின் அருகிலேயே செல்கின்றது. அடர்த்தியை அளப்பவனுக்கு இப்பாகுபாடு வெறும் இலக்கணச் செய்தி அன்று. எங்கே தொட்டு அளந்தாய் என்ற கேள்விக்கு விடை கூறாத எந்த எண்ணும் பயனற்றது.

ஒரு செய்தியை இங்கேயே கூறிவிடுதல் நலம். அடர்த்தி மிக்க மரமெல்லாம் நெடுநாள் உழைக்கும் என்று எண்ணுவது தவறு. ரப்பர் மரத்தின் அடர்த்தி தேக்கின் அடர்த்திக்கு வெகு தொலைவில் இல்லை. ஆயினும் தேக்கு தலைமுறைகளைத் தாண்டி நிற்கும். ரப்பர் மரமோ, மருந்து ஊட்டாமல் விட்டால், சில நாட்களிலேயே நீலம் பூத்து, சில வாரங்களில் வண்டு துளைத்து மாவாகும். அதிலுள்ள மாச்சத்தே காரணம். அடர்த்தி வலிமையைச் சொல்லும், ஆயுளைச் சொல்லாது.

பழைய முறையும் அதன் தடையும்

அடர்த்தியை ஐயமின்றி அறியும் பழைய முறை எளியது, ஆனால் மெதுவானது. பச்சை மரத்திலிருந்து ஒரு துண்டை வெட்டி, நீரில் அமிழ்த்தி, அது விலக்கும் நீரைக் கொண்டு கொள்ளளவை அறிவர். பிறகு அத்துண்டை 103 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள உலர்த்தும் பெட்டியில் வைப்பர். நிறை மேலும் குறையாத நிலை வரும்வரை திரும்பத் திரும்ப நிறுப்பர். உலர்ந்த நிறையைப் பச்சைக் கொள்ளளவால் வகுத்தால் கிடைப்பது அடிப்படை அடர்த்தி. ஒரு துண்டுக்கு ஒரு நாளும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். ஆர்க்கிமிடீஸ் காலத்துத் தத்துவமும் ஓர் அடுப்பும் ஒரு தராசும் போதும். பொறுமை மட்டும் வேண்டும்.

நூறு துண்டுகளுக்கு இதைச் செய்யலாம். பத்தாயிரம் மரங்களுக்கு யார் செய்வது? அதற்கும் மேலாக, துண்டு எடுப்பதற்கு மரத்தை வெட்ட வேண்டும், அல்லது துளைக்க வேண்டும். இந்த இரண்டாவது தடைதான் ரப்பர் மரத்தில் பெரிதாகின்றது.

1877-இல் சிங்கப்பூருக்கு வந்த 22 ரப்பர்க் கன்றுகளில் சில பேராக் மாநிலத்துக் கோல கங்சாரில், ஆங்கிலப் பிரதிநிதியான ஹியூ லோவின் மனையிலே நடப்பெற்றன. அவ்வழியே பெருகிய மரம் நூறாண்டுக் காலம் பாலுக்காகவே வளர்க்கப்பெற்றது. பால் வற்றிய பின் மரம் என்னவாயிற்று என்று எவரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. ஷீட் ரப்பரைப் புகையில் காய வைக்கும் புகைக்கூடங்களுக்கு விறகாயிற்று. செங்கற் சூளைக்குப் போயிற்று. வெட்டிய இடத்திலேயே எரிந்து சாம்பலாயிற்று. பிறை நகரில் 1967-இல் இயங்கத் தொடங்கிய மலாயாவாத்தா உருக்காலை ரப்பர் மரக் கரியைக் கொண்டு இரும்பு உருக்கியது என்பது இன்று பலர் மறந்துவிட்ட செய்தி. நிலக்கரியே உலகெங்கும் வழக்கமாக இருந்த தொழிலில் தோட்டத்து மரம் அவ்விடத்தைப் பிடித்தது வியப்பன்றோ!

வெட்டியவுடன் போரான் உப்புக் கரைசலை அழுத்தத்தில் ஊட்டி, சூட்டறையில் உலர்த்தும் முறை கைவந்த பின்னர் நிலைமை மாறியது. 1980-களிலிருந்து ரப்பர் மரம் நாற்காலியாகவும் மேசையாகவும் கப்பலேறுகின்றது. விறகுக் கட்டை விலைப்பொருளாயிற்று. 1925-இல் நிறுவப்பெற்று, 1998-இல் மலேசிய ரப்பர் வாரியத்தில் இணைந்த ரப்பர் ஆராய்ச்சிக் கழகமும் தன் நோக்கை விரித்துக்கொண்டது. பழைய ஆர்.ஆர்.ஐ.எம். 600 போன்ற இனங்கள் பாலை முன்னிட்டுத் தேர்ந்தெடுக்கப்பெற்றவை. பின்வந்த ஆர்.ஆர்.ஐ.எம். 2000 வரிசை இனங்களோ பாலும் மரமும் ஒருங்கே தர வேண்டும் என்ற எண்ணத்தில் உருவானவை.

இங்கேதான் சிக்கல். பாலை அளப்பதற்கு மங்கு போதும், நாள்தோறும் அளக்கலாம். மரத்தை அளப்பதற்கோ, பழைய முறைப்படி, மரம் விழ வேண்டும். 25 அல்லது 30 ஆண்டு பால் தர வேண்டிய மரத்தை ஐந்தாம் ஆண்டிலேயே வெட்டினால் அதன் பாலைப் பற்றி ஒன்றும் தெரியாது. வெட்டாமல் விட்டால் அதன் மரத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள ஒரு தலைமுறை காத்திருக்க வேண்டும். அதற்குள் ஆராய்ச்சியாளர் ஓய்வு பெற்றிருப்பார்.

துளைத்துப் பார்க்கும் வழிகள் உண்டு. ஜெர்மனியில் 19-ஆம் நூற்றாண்டில் உருவான ஒரு துளைக்கருவி, பென்சில் கனத்தில் ஒரு மரக்குச்சியைப் பட்டையிலிருந்து நடு வரை உருவி எடுத்துவிடும். ஊசியை விசையோடு செலுத்தி எவ்வளவு ஆழம் இறங்குகின்றது என்று காண்பதும், மெல்லிய துரப்பணம் சுழலும்போது மரம் தரும் எதிர்ப்பைப் பதிவதும், ஒலி செல்லும் வேகத்தை அளப்பதும், ஊடுகதிர்ப் படம் எடுப்பதும் வழக்கத்தில் உள்ளன. ஒவ்வொன்றும் ஓரளவு பயன்படும். ரப்பர் மரத்தில் எந்தத் துளையும் பால் வடியும் புண். புண் வழியே பூசணம் நுழையலாம்.

சிவப்புக்கு அப்பால்

1800-ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் என்னும் வானநூலறிஞர் சூரிய ஒளியைப் பட்டகத்தின் வழியே செலுத்தி, பிரிந்த நிறங்களில் எது மிகுந்த வெப்பம் தருகின்றது என்று வெப்பமானிகளைக் கொண்டு ஆராய்ந்தார். சிவப்புக்கு அப்பால், கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இடத்தில் வைத்த வெப்பமானி எல்லாவற்றையும் விட உயர்ந்து நின்றது. கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளியே அகச்சிவப்புக் கதிர். அதில் சிவப்பை அடுத்துள்ள பகுதியை, அதாவது ஏறத்தாழ 780 முதல் 2,500 நானோமீட்டர் வரை அலைநீளம் உள்ள பகுதியை, அண்மை அகச்சிவப்பு என்பர். ஒரு மீட்டரை நூறு கோடிக் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர்.

பொருள்களின் மூலக்கூறுகளில் அணுக்களைப் பிணைக்கும் பிணைப்புகள் வீணைத் தந்தியைப் போல் ஓயாது அதிர்கின்றன. ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த பிணைப்புக்கு ஒரு சுருதி. கரியும் ஹைட்ரஜனும் சேர்ந்த பிணைப்புக்கு வேறொரு சுருதி. தன் சுருதிக்கு ஒத்த ஒளி வந்தால் பிணைப்பு அதனை உறிஞ்சிக்கொள்ளும். தந்தியை மீட்டும்போது அடிப்படைச் சுரத்தோடு அதன் மேற்சுரங்களும் மெல்ல ஒலிப்பதை இசை பயின்றோர் அறிவர். பிணைப்புகளுக்கும் அவ்வாறே மேற்சுரங்கள் உண்டு. நீரில் உள்ள ஆக்சிஜன்–ஹைட்ரஜன் பிணைப்பின் அடிப்படைச் சுரம் 2,900 நானோமீட்டரை ஒட்டியது. அதன் முதல் மேற்சுரம் ஏறத்தாழப் பாதியில், 1,450-ஐ ஒட்டி விழுகின்றது. அண்மை அகச்சிவப்புப் பகுதி முழுவதும் இத்தகைய மேற்சுரங்களாலும் சுரக் கலவைகளாலும் நிறைந்தது. ஹெர்ஷல் வானத்தை நோக்கும் முன்பு தேவாலயத்தில் இசைக்கருவி வாசித்துப் பிழைத்தவர் என்பதை நினைத்தால் இவ்வுவமை பொருத்தமாகவே தோன்றுகின்றது.

மேற்சுரங்கள் மெல்லியவை என்பது குறை போலத் தோன்றினும் அதுவே நன்மையாயிற்று. அடிப்படைச் சுரப் பகுதியின் ஒளியைப் பொருள் மேற்பரப்பிலேயே விழுங்கிவிடும். ஆகவே பொருளைத் தூளாக்கி, மெல்லிய படலமாக்கி, பக்குவப்படுத்த வேண்டும். அண்மை அகச்சிவப்பு ஒளியோ சிறிது உட்சென்று, சிதறி, மீண்டு வரும். ஒரு பலகையை உள்ளபடியே வைத்து ஒளியைப் பாய்ச்சி, மீளும் ஒளியில் எந்த அலைநீளம் எவ்வளவு குறைந்துள்ளது என்று வரைந்துகொள்ளலாம். சில நொடி வேலை. பலகைக்கு ஒரு தழும்பும் இல்லை.

ஆனால் அந்த வரைகோட்டைக் கண்ணால் படிக்க இயலாது. நூற்றுக்கணக்கான மேற்சுரங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து மேடும் பள்ளமுமாகத் தெரியுமேயன்றி, இது செல்லுலோஸ், இது லிக்னின் என்று தனித்துக் காட்டாது. இதனால் வேதியியலார் நெடுங்காலம் இப்பகுதியைப் பயனற்ற நிலமாகவே விட்டிருந்தனர். அமெரிக்க வேளாண் துறையின் பெல்ட்ஸ்வில் ஆய்வுக்கூடத்தில் கார்ல் நோரிஸ் என்னும் பொறியாளர்தாம் 1960-களில் தானியத்தின் ஈரத்தை இவ்வொளியால் அளந்து காட்டி அந்நிலத்தை உழத் தொடங்கினார். அவர் அதற்கு முன் ஒளியைப் பாய்ச்சிச் சோதித்தவை கோழிமுட்டைகள்.

மெட்ரோலாக் கற்பித்த பாடம்

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். ஈரத்தை ஒளி காட்டும் என்றால் புரிகின்றது. நீருக்குத் தனிப் பிணைப்பு உண்டு, தனிச் சுருதி உண்டு. அடர்த்திக்கு என்ன பிணைப்பு? அடர்த்தி ஒரு பொருள் அன்றே! அதற்கென்று எந்தச் சுருதியும் கிடையாது. அப்படியிருக்க ஒளி அதனை எவ்வாறு காட்டும்?

ரப்பர்த் தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு இதன் விடை புதியதன்று. பால் நிறுக்கும் இடத்தில் நெடுங்காலம் பயன்பட்ட மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவியை நினைவு கூர்க. பாலில் எவ்வளவு உலர்ந்த ரப்பர் உள்ளது என்பதை அது ஒரு நொடியில் காட்டியது. தொழிலாளியின் கணக்கில் கிராணி எழுதிய எண் அதைச் சார்ந்தது. ஆயினும் மெட்ரோலாக் ரப்பரைக் கண்டதே இல்லை. அது கண்டது பாலின் அடர்த்தியை மட்டுமே. ரப்பர் நீரைவிட இலேசானது. பாலின் எஞ்சிய நீர்ப்பகுதி நீரைவிடச் சற்றே கனமானது. ஆகவே ரப்பர் மிகுந்த பாலில் கருவி ஆழமாக அமிழும். குறைந்த பாலில் மிதந்து நிற்கும். அந்த ஆழத்திற்கு நேரே எந்த எண்ணைப் பொறிப்பது என்பதை, எங்கோ ஓர் ஆய்வுக்கூடத்தில் ஒருவர் பாலை அமிலமிட்டு உறைய வைத்து, உருளையில் இட்டு மெலிதாக்கி, உலர்த்தி, நிறுத்து முடிவு செய்திருந்தார். மெதுவான அந்த நிறுவையே மெட்ரோலாக்கின் உயிர்.

மெட்ரோலாக் அடர்த்தியைக் கண்டு பொருளை ஊகித்தது. ஒளிக்கருவி பொருளைக் கண்டு அடர்த்தியை ஊகிக்கின்றது. வழி ஒன்றே, போகும் திசைதான் எதிர்.

ஊகத்திற்கு அடிப்படை உண்டு. உயிரணுச் சுவர் தடிக்கும்போது ஒளி சிதறும் விதமும் அது உறிஞ்சப்படும் அளவும் மாறுகின்றன; வரைகோடு முழுவதும் சற்றே ஏறியோ இறங்கியோ நிற்கும். அடர்த்தி மாறும்போது செல்லுலோஸ், லிக்னின், மரத்தில் ஊறிய பிசின் போன்ற சத்துகள் ஆகியவற்றின் விகிதமும் பெரும்பாலும் உடன் மாறும். அவற்றின் சுருதிகள் வரைகோட்டில் பதியும். இவ்விரு சாடைகளையும் சேர்த்துப் படிப்பதற்குக் கணிப்பொறி வேண்டும். இதற்குப் பெரிதும் பயன்படும் கணித முறையின் வேர், ஹெர்மன் வோல்ட் என்னும் சுவீடன் நாட்டு அறிஞர் பொருளாதாரத்திற்காக வகுத்த முறையில் உள்ளது. அவருடைய மகன் ஸ்வான்டே வோல்ட் அதனை வேதியியலுக்குக் கொண்டுவந்தார்.

கருவியைப் பழக்கும் விதம் வகுப்பறையை ஒத்தது. சில நூறு மரத்துண்டுகளைப் பழைய முறையில் நீரில் அமிழ்த்தி, உலர்த்தி, நிறுத்து அடர்த்தியை முதலில் அறிவர். அதே துண்டுகளின் ஒளிவரைகோடுகளையும் எடுப்பர். கணக்கும் விடையும் அருகருகே கொடுக்கப்பெற்ற மாணவனைப் போல், எந்த அலைநீளத்தின் மாற்றம் எந்த எண்ணோடு ஒத்துச் செல்கின்றது என்பதைக் கணிப்பொறி கண்டுகொள்ளும். பிறகு, அது காணாத வேறு துண்டுகளைக் கொடுத்துச் சோதிப்பர். இக்கடைசிப் படி மிக முக்கியமானது. பாடம் செய்த கணக்குகளையே தேர்விலும் கேட்டால் எல்லா மாணவரும் நூற்றுக்கு நூறு வாங்குவர். அதனால் கணிதம் வந்துவிட்டது என்று பொருளாகாது. புதிய கருவியை விற்க வருவோர் காட்டும் உயர்ந்த எண்கள் எந்தத் தேர்வில் எடுத்தவை என்று கேட்பது வாங்குவோர் கடமை.

இம்முறை ஏட்டுச் சுரைக்காய் அன்று. டென்மார்க்கில் லிஸ்பெத் தீகசன் 1994-இல் ஸ்புரூஸ் மரத்தின் அடிப்படை அடர்த்தியை இவ்வாறு அளந்து வெளியிட்டார். ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. நிறுவனத்தில் ராபர்ட் எவன்ஸ், மரக்குச்சியை ஊடுகதிரால் அணுவணுவாக அளக்கும் சில்விஸ்கேன் என்னும் கருவியை உருவாக்கினார். அதன் அளவுகளை விடைத்தாளாகக் கொண்டு லாரன்ஸ் ஷிம்லெக் பைன் மரத்தின் அடர்த்தியைப் படிக்க ஒளிக்கருவியைப் பழக்கினார். நம் அண்டை நாடான தாய்லாந்தின் தைல மரங்களையும் ஜப்பானிய, தாய்லாந்து ஆராய்ச்சியாளர் சேர்ந்து இம்முறையில் ஆராய்ந்துள்ளனர்.

எவ்வளவு நம்பலாம்?

நன்கு உலர்ந்த, ஒரே இன மரத்தில், நன்கு பழக்கிய கருவி கூறும் எண் உண்மையான எண்ணிலிருந்து கன மீட்டருக்கு 20 முதல் 40 கிலோகிராம் வரை விலகுவது வழக்கம். 600-இல் 30 என்றால் நூற்றுக்கு ஐந்து. கேட்பதற்கு நன்றாகவே உள்ளது. ஆனால் கணக்கை இன்னும் ஒரு படி போட்டுப் பார்க்க வேண்டும். ரப்பர் மரத்தின் முழு வீச்சே 560 முதல் 640 வரை, அதாவது 80 கிலோகிராம். மேலும் 30, கீழும் 30 என்று தடுமாறும் கருவி அந்த 80-க்குள் ஒரு பலகையை மற்றொரு பலகையிலிருந்து பிரித்துக் காட்டுவதாகச் சொன்னால் அதை எளிதில் நம்புவதற்கில்லை. ரப்பர்ப் பலகைக் கட்டில் கெம்பாஸ் கலந்திருந்தால் அதை உடனே காட்டிக்கொடுக்கும்; அதற்கு ஐயமில்லை.

அப்படியானால் ரப்பர் மரத்திற்கு இது பயனற்றதா? அன்று. ஒரு பலகைக்கு விலை பேசும் வணிகருக்குக் குறையாக இருப்பது, ஓர் இனத்தைத் தேர்ந்தெடுக்கும் ஆராய்ச்சியாளருக்குக் குறையாகாது. ஓர் இனத்தில் 25 மரங்களை அளந்து சராசரி கண்டால், ஒவ்வொன்றிலும் உள்ள 30 கிலோகிராம் தடுமாற்றம் சராசரியில் ஐந்தில் ஒன்றாக, 6 கிலோகிராமாகச் சுருங்கும். இந்த இனம் அந்த இனத்தைவிட அடர்ந்தது என்று கூற அது போதும். ஒரு நிபந்தனை: தடுமாற்றம் இரு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். கருவி எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்தால், ஆயிரம் மரங்களை அளந்தாலும் சாய்வு சாய்வே.

சாய்வு வரும் வழிகள் பல. முதன்மையானது நீர். 1,450, 1,940 நானோமீட்டர்களை ஒட்டி நீர் உறிஞ்சும் அளவு, பச்சை மரத்தில் மற்றெல்லாச் சாடைகளையும் மூழ்கடித்துவிடும்; திருவிழாக் கூட்டத்தில் ஒருவர் மெல்லப் பேசுவது போலாகும். உலர்ந்த மரத்தில் பழக்கிய கருவியைப் பச்சை மரத்தில் வைத்தால் அது கூறும் எண்ணுக்குப் பொருளே இல்லை. ரப்பர் மரத்தை வெட்டியவுடன் மருந்தூட்ட வேண்டும் என்று முன்னர்க் கண்டோம். ஆகவே ஆலைக்கு வரும்போது அது ஈரமாகவே வரும். பச்சை மரத்திற்கென்றே தனியாகக் கருவியைப் பழக்குவதைத் தவிர வேறு வழியில்லை. அறுத்த முகம் சொரசொரப்பாக உள்ளதா, இழைத்ததா, நார் ஓடும் பக்கமா, குறுக்கு வெட்டா என்பவையும் எண்ணை மாற்றும். ரப்பர் மரத்தில் மிகுதியாகக் காணப்படும் இழுவிசை மரம் என்னும் பகுதியில் நாரின் அமைப்பே வேறு. அதையும் மாணவனுக்கு முன்கூட்டியே காட்டியிருக்க வேண்டும்.

ஒளி மரத்தினுள் செல்லும் ஆழம் சில மில்லிமீட்டரே. நிற்கும் மரத்தில் பட்டைக்கு மேல் கருவியை வைத்தால் அது பட்டையைத்தான் படிக்கும். ஆகவே சிறு சாளரம் போல் பட்டையைச் செதுக்கியோ, ஊசிக்குச்சி போன்ற சிறு துண்டை உருவியோதான் அளக்க வேண்டியுள்ளது. சிதைவின்றி அளத்தல் என்று நூல்களில் கூறப்படுவது, வெட்டிச் சாய்ப்பதோடு ஒப்பிடும்போது மட்டுமே முற்றும் உண்மை. ரப்பர் மரத்தில் ஒரு வசதி உண்டு: பால் வெட்டும் பட்டைக்கு மிக அப்பால், உயரத்தில் ஒரு சிறு புண் செய்து மருந்து தடவிவிட்டால் பாலுக்கு இழப்பு சிறிதே.

லூமுட்டிலிருந்து சித்தியவான் வழியே ஆயர் தாவாருக்குச் செல்லும் சாலையின் இருமருங்கும் ஒரு காலத்தில் ரப்பராக இருந்தது. இன்று பெரும்பகுதி செம்பனை. எஞ்சிய சிறுதோட்டக்காரர் கிழமரங்களை விற்கும்போது பெரும்பாலும் ஏக்கர்க் கணக்கில் கண்மதிப்பாகப் பேசியே விற்கின்றனர். மதிப்பவர் வாங்குபவர், விற்பவர் கையில் எந்த அளவும் இல்லை. கையடக்கமான ஒளிக்கருவிகள் இன்று கடைக்கு வந்துவிட்டன. அவற்றில் ஒன்று நாளை அத்தோட்டத்திற்கு வருமாயின், அது யார் கையில் வரும், எந்த மரங்களைக் கொண்டு யார் அதைப் பழக்கினார் என்பவை சிறிய கேள்விகள் அல்ல. மெட்ரோலாக் எண்ணைத் தொழிலாளி மறுத்தபோது, பாலை உறைய வைத்து நிறுத்துப் பார்க்கும் வழியாவது இருந்தது. கணிப்பொறிக்குள் உள்ள சமன்பாட்டைத் தோட்டக்காரர் திறந்து பார்க்க இயலாது. கெப்போங்கில் 1929-இல் தொடங்கப்பெற்ற வன ஆராய்ச்சி நிலையத்தைப் போன்ற பொது நிறுவனங்கள் மாதிரித் துண்டுகளை நிறுத்து வைத்து, எந்தக் கருவியையும் எவரும் அங்கே கொண்டுவந்து ஒப்பிட்டுக்கொள்ள இடம் தருதல் வேண்டும். கடைத் தராசுக்கு அரசாங்கம் முத்திரை குத்துகின்றது; இதற்கும் அது தகும்.

கரியின் கணக்கிலும் இதே எண் வேண்டப்படுகின்றது. உலர்ந்த மரத்தின் நிறையில் ஏறத்தாழப் பாதி கரி. ஆகவே ஒரு காட்டின் கொள்ளளவை அடர்த்தியால் பெருக்கினால்தான் அது காற்றிலிருந்து எவ்வளவு கரியை வாங்கி வைத்துள்ளது என்று கூற முடியும். பேராக்கின் மாத்தாங் கண்டற்காடு சுமார் 40,000 ஹெக்டேர் பரப்பு. 30 ஆண்டுச் சுழற்சியில் வெட்டி, கரிச்சூளைக்கு அனுப்பி, மீண்டும் வளர்ப்பது அங்கே நெடுங்கால வழக்கம். அடர்த்தியில் நூற்றுக்கு ஐந்து தவறினால் அக்காட்டின் கரிக்கணக்கிலும் நூற்றுக்கு ஐந்து தவறும்.

ரப்பரின் இடத்தைப் பிடித்த செம்பனையில் நிலைமை தலைகீழ். மரபியல் கூறிய புல்லினம் அது; வயிரம் வெளியே உள்ளது. 25 ஆண்டு சென்று சாய்க்கும் அடிமரத்தின் வெளிப்பகுதி ஒட்டுப்பலகைக்கு உதவும். நடுப்பகுதி ஊறிய பஞ்சு போன்றது. அதன் அடர்த்தி வெளிப்பகுதியில் பாதிக்கும் குறைவு. மேலே ஓரிடத்தில் ஒளியைப் பாய்ச்சி எண்ணைக் குறித்துக்கொண்டு, அதுவே மரம் முழுமைக்கும் என்று விலை பேசினால், வாங்குபவர் பஞ்சுக்குப் பலகை விலை கொடுத்தவராவார். அடிமரத்தின் வெட்டுமுகத்தில், விளிம்பிலிருந்து நடு நோக்கி, ஒவ்வோர் அங்குலத்திற்கும் ஒரு முறை கருவியை வைத்து அளந்தால், எந்த அங்குலத்தோடு பலகை முடிகின்றது என்பது தெரியும்.